மூலிகைப் படங்களில் பூவும் விதையும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வரும் மூலிகைப் பகுதியை எங்கள் வட்டாரத்தில் பலர் கத்தரித்துச் சேர்த்து வைக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளி நோட்டில் ஒட்டுகிறார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் செடி தேடிப் பறிப்பவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறோம். அந்தப் படங்களில் பெரும்பாலும் இலையும் தண்டும் மட்டுமே தெரிகின்றன. இலையை மட்டும் நம்பிக் காட்டுச் செடிக்குப் பெயர் வைப்பது ஆபத்து. ஒரே செடியின் இலை நிழலில் ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி. ஐப்பசி மழையில் ஓர் அளவு, பங்குனி வறட்சியில் அதில் பாதி. பூவின் உறுப்புகள் எத்தனை, காய் எப்படி வெடிக்கிறது, விதையின் மேல்தோல் எப்படி, மகரந்தத் துகளின் அமைப்பு என்ன என்பவை அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை என்றதும் வேலூர்ப் பக்கத்தில் முதலில் தேடுவது இதைத்தான். காமாலை வந்தால் ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான் முதலில் என்பது வேறு விஷயம். வயலிலும் வரப்பிலும் கீழாநெல்லி என்று பறிக்கப்படுவது ஒரே செடி அல்ல. பழைய தாவரவியல் நூல்களில் இதற்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் இருக்கும். இன்றைக்கும் பல மருந்துப் புட்டிகளில் அதுவே அச்சாகிறது. லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தது அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு. நம் நாட்டில் நிரூரி என்று சொல்லிவந்தது அமாரஸ், ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்று இனங்களின் கலவை என்பதை மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள் 1985-இல் எடுத்துக்காட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தினர் ஹெப்படைடிஸ் பி கிருமிக்கு எதிராகச் சோதித்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது அமாரஸைப் பற்றி. வேறு இனத்தைப் பறித்து வைத்துக்கொண்டு அந்த ஆய்வைச் சான்று காட்ட முடியாது. அதே அமாரஸை வைத்துப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில்கூட அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எப்படிப் பிரித்தறிவது? பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். இலைக்கு அடியில் தொங்கும் பூ 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதைக் கவிழ்த்து இதழ்களை எண்ணுங்கள். நம் வயல்களில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் அமாரஸுக்கு ஐந்து. டெபிலிஸ், ஃப்ராட்டெர்னஸ், சிவப்புக் கீழாநெல்லி என்கிற யூரினேரியா, மேலாநெல்லி என்கிற மதராஸ்படென்சிஸ் எல்லாவற்றுக்கும் ஆறு. ஒரு பூவை எண்ணி முடிவு கட்டக் கூடாது. பூச்சி கடித்து ஓர் இதழ் போயிருக்கலாம். ஒரே செடியில் பத்துப் பூவாவது எண்ண வேண்டும். அமாரஸில் பெரும்பாலான இலைக்கக்கங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் மூலைகளில், ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் ஜோடியாக இருக்கும். யூரினேரியாவில் ஆண் பூக்கள் சிறுகிளையின் நுனிப்பக்கமும் பெண் பூக்கள் அடிப்பக்கமும் தனித்தனியாக நிற்கும்.

இதையெல்லாம்விட உறுதியானது விதை. முற்றிய காயுள்ள கிளையைக் காகித உறையில் போட்டு வாயை மடித்து ஒரு நாள் வைத்தால் காய்கள் தாமாக வெடித்து விதை அடியில் சேரும். தட்டில் திறந்து வைத்தால் தெறித்துப்போகும், ஒன்றும் மிஞ்சாது. ஒரு காயில் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை. விதை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆரஞ்சுச் சுளையைப் போல இரண்டு பக்கம் தட்டையாகவும் முதுகு வளைந்தும் இருக்கும். கறுப்புக் காகிதத்தில் முதுகு மேலே தெரிய வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், காகிதத்தை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் வரிகள் தெரியாது. அமாரஸின் முதுகில் நீளவாக்கில் ஐந்தாறு வரிகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். யூரினேரியாவில் குறுக்கு வரிகள்; காயின் மேல்தோலும் சொரசொரப்பாக இருக்கும். மேலாநெல்லியில் வரியாக இல்லாமல் நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக நிற்கும். பச்சைக் காயைப் பிளந்து எடுத்த இளம் விதையில் இவை எதுவும் தெரியாது, வழவழவென்றிருக்கும். பிழை நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஆவாரை, தகரை கூட்டத்தில் பிழைத்தால் நேரும் கேடு இன்னும் பெரிது. ஆவாரம்பூவை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனால் அதே மஞ்சள் பூவோடு பேயாவிரை என்கிற சென்னா ஆக்ஸிடென்டாலிஸ் சாலையோரமெல்லாம் நிற்கிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிறு பிள்ளைகளின் உயிரைப் பறித்துவந்த ஒரு நோய்க்கு, மூளை, ஈரல், தசை மூன்றையும் தாக்கும் நோய் அது, இந்தச் செடியின் காயைத் தின்றதே காரணம் என்று 2007-இல் ஆய்வு வெளிவந்தது. ஆவாரையில் ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் காது போல அகன்ற இலையடிச் செதில் இருக்கும்; சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே ஒவ்வொன்றிலும் ஒரு சுரப்பி இருக்கும். பேயாவிரையில் அந்தக் காது இல்லை. சுரப்பி ஒன்றே ஒன்று, காம்பின் அடியில். சிற்றிலையின் நுனி கூர்மை. காய் சற்றே மேல்நோக்கி வளைந்து, பழுப்பு நிறத்தில், ஓரம் வெளிறியிருக்கும். இலையைக் கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். தகரையில் சிற்றிலை மூன்று ஜோடி, காய் ஒல்லியாக நீண்டிருக்கும். அதிலும் டோரா, ஆப்டியுசிஃபோலியா என்று இரண்டு உண்டு. விதையின் பக்கவாட்டில் ஒரு வெளிறிய பட்டை ஓடும். அது 1.5 முதல் 2 மில்லிமீட்டர் அகலமென்றால் டோரா, அரை மில்லிமீட்டருக்குள் அடங்கினால் ஆப்டியுசிஃபோலியா. கிராஃப் தாளில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

துத்தி வகையில் பெயர்க் குழப்பம்தான் அதிகம். சித்தாமுட்டி என்ற பெயரைச் சிலர் சிடா என்ற பேரினத்துக்கும் சிலர் பவோனியா என்ற பேரினத்துக்கும் சொல்கிறார்கள். காய்ந்த வேரைப் பார்த்துத் தீர்க்க முடியாத இந்த வழக்கு பூவைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீரும். பூவின் அடியிலுள்ள பச்சை நிறப் புல்லிவட்டத்துக்கு வெளியே இன்னொரு வரிசை மெல்லிய செதில்கள், அதாவது புறப்புல்லி வட்டம், இருந்தால் பவோனியா. இல்லையென்றால் சிடாவோ துத்தியோதான். பிறகு சூல்தண்டின் கிளைகளை எண்ணுங்கள். பவோனியாவில் கிளை பத்து, முற்றிய காய் பிரியும் கனித்துண்டு ஐந்துதான். சிடாவில் கிளையும் துண்டும் ஒரே எண்ணிக்கை. ஒவ்வொரு துண்டிலும் ஒரே விதை. துத்தியில் துண்டுகள் பதினைந்து, இருபது என்று சக்கரமாக அடுக்கியிருக்கும், துண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விதை. சிடா கார்டிஃபோலியாவின் கனித்துண்டில் இரண்டு நீண்ட முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் கீழ்நோக்கிய மயிர் இருக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான்.

ஜவ்வாது மலையில் சாமையும், கீழே சோளமும் விதைப்பவர்களுக்குச் சுடுமல்லி பழகிய எதிரி. பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் செடி அது. எந்தச் சுடுமல்லி என்று தெரிந்துகொள்ளப் புல்லிக்குழாயில் ஓடும் வரிகளை எண்ணினால் போதும்: டென்சிஃப்ளோராவில் ஐந்து, ஏசியாட்டிகாவில் பத்து, அங்குஸ்டிஃபோலியாவில் பதினைந்து. விதை தூசி மாதிரி, கால் மில்லிமீட்டர்தான். பூத்த பிறகு பிடுங்கி வரப்பில் போட்டால் விதை முற்றி உதிர்ந்துவிடும், அடுத்த ஆண்டுகளிலும் அதே நிலத்தில் முளைக்கும். பூக்குமுன் பிடுங்கி எரிக்க வேண்டும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நெருஞ்சியில் ஐந்து தனித்தனி மஞ்சள் இதழ். காய் ஐந்து முள்துண்டுகளாக உடையும். யானை நெருஞ்சியில் இதழ்கள் சேர்ந்து குழலாக இருக்கும். காய்க்கு நான்கு மூலை, அடியில் நான்கு முள். இலையைத் தண்ணீரில் அலசினால் நீர் கொழகொழக்கும். நல்வேளையில் பூ வெள்ளை, மகரந்தத் தாள் ஆறும் ஒரு காம்பின் மேல் தூக்கி நிற்கும். நாய்வேளையில் பூ மஞ்சள், தாள்கள் பத்துக்குக் குறையாது, அந்தக் காம்பு கிடையாது, செடி பிசுபிசுக்கும். நிலவேம்பின் காய் 2 சென்டிமீட்டர் அளவில் இருபுறமும் கூர்ந்து மெலிந்திருக்கும். கோபுரந்தாங்கியின் காய் அதில் ஏறக்குறைய பாதி, மயிர் அடர்ந்தது.

மலையடிவாரத்தில் அடர்ந்து நிற்கும் ஹிப்டிஸ் என்ற செடியைத் துளசி என்று பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் புல்லியில் ஐந்து ஊசிப் பற்கள் சமமாக நிற்கும். துளசியின் புல்லியிலோ மேல் மடல் ஒன்று மட்டும் அகன்று வட்டமாக இருக்கும். இரண்டின் விதையும் நீரில் போட்டால் வழவழப்பாக உப்பும், ஆகவே அந்தச் சோதனை இங்கே உதவாது.

இனி மகரந்தம். இதற்கு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற நுண்ணோக்கி போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மகரந்தம் பெரும்பாலும் குடும்பம் வரை, சில சமயம் பேரினம் வரை கொண்டுபோய்விடும்; இனம் சொல்லப் பூவும் விதையும் வேண்டும். துத்திக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் முள் முளைத்த உருண்டைத் துகள்தான். சிடாவா பவோனியாவா என்று அதை வைத்துத் தொடக்க நிலையில் இருப்பவர் சொல்ல முடியாது. ஆனால் பழகத் தொடங்கச் செம்பருத்தியைவிட நல்லது கிடைக்காது. அதன் துகள் 100 மைக்ரானுக்கு மேல். கைலென்ஸிலேயே தனித்தனியாகத் தெரியும்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு செய்யும் முறை இது. ஜெலட்டின் 10 கிராமை 60 மில்லி தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள். கிளிசரின் 70 மில்லி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பீனால் 1 கிராம், நிறத்துக்குச் சில துளி சாஃப்ரனின் சேர்த்துக் கலக்கி ஆறவிட்டால் ஜெல்லி தயார். பீனால் தோலைப் பொசுக்கும். கையுறை போட்டு ஆசிரியர்தான் அதைக் கையாள வேண்டும். கலவையைக் கொதிக்கவிட்டால் குமிழி நிறையும், ஆறினாலும் சரியாக உறையாது. மகரந்தப்பையை, மறுநாள் மலரப்போகும் மொட்டிலிருந்து எடுங்கள். மலர்ந்த பூவில் தேனீ கொண்டுவந்த வேற்று மகரந்தம் கலந்திருக்கும். மிக இளம் மொட்டிலோ துகள் முற்றியிராது. ஆவாரையில் பையைத் தட்டினால் வராது, நுனியில் துளை மட்டுமே உண்டு. ஊசியால் கீற வேண்டும்.

துகளைத் தகட்டில் உதிர்த்து ஒரு துளி ஸ்பிரிட் விடுங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது துகளைச் சுற்றி எண்ணெய் வளையம் ஒதுங்கும். அதை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் துகள் மங்கலாகவே தெரியும். அரிசி அளவு ஜெல்லியை வைத்து, தகட்டை இளஞ்சூட்டில் காட்டி உருகியதும் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி மூடியைப் போட்டுத் தலைகீழாக ஆறவிடுங்கள். துகள்கள் கண்ணாடியை ஒட்டி ஒரே மட்டத்தில் படியும். ஓரத்தில் நகப்பூச்சு தடவினால் நாள்பட இருக்கும். காய்ந்த துகள் மடிந்து நீண்டு தெரியும், ஈரத்தில் உருண்டுவிடும். ஜெல்லியிலும் நாளாக ஆக ஊதும். ஆகவே எல்லாத் தகடுகளையும் ஒரே வயதில், உதாரணமாக மறுநாள், அளக்க வேண்டும். இருபத்தைந்து துகளாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். கண்ணருகுக் கண்ணாடியின் அளவுகோலை, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த தகட்டளவுகோலோடு முதலில் ஒப்பிட்டாக வேண்டும். அது இல்லாத அளவுக்கு மதிப்பில்லை. அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கும் அடர் கந்தக அமிலம் ஒரு பங்கும் சேர்த்துக் காய்ச்சும் எர்ட்மேன் முறையைப் பள்ளியில் யாரும் முயல வேண்டாம். அது புகைப்பெட்டி உள்ள ஆய்வகத்துக்கானது. தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும்.

தகட்டில் என்ன தெரியும்? புல் வகையில் வழவழ உருண்டை, ஒரே ஒரு துளை. மூக்குத்திப்பூ, பார்த்தீனியம் போன்ற சூரியகாந்திக் குடும்பத்தில் சிறிய துகள், சுற்றிலும் முள். நாயுருவியிலும் கீரை வகையிலும் உருண்டை முழுக்கத் துளைகள். நாவலில் முக்கோணம். ஆடாதொடையில் பிளவின் இரு பக்கமும் மணி கோத்தது போன்ற வரிசை. செம்முள்ளியில் பெரிய உருண்டையில் தேனடை போன்ற வலை. எருக்கில் தூளே கிடையாது, இரண்டு மஞ்சள் பைகள் ஒரு கவ்வியில் தொங்கும். கருவேலத்தில் பதினாறு துகள் ஒன்றாக ஒட்டிய கட்டி. சீமைக்கருவேலத்தில் துகள் தனித்தனி. மரம் தொலைவில் இருந்தாலும் இந்த இரண்டையும் மகரந்தம் பிரித்துக் காட்டிவிடும்.

இப்படி மகரந்தத்தைப் பிரித்தறிவது ஜவ்வாது மலைத் தேன் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நேரடியாகப் பயன்படும். 10 கிராம் தேனை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுற்றி, அடியில் தங்கும் வண்டலைத் தகடாக்கினால் தேனீக்கள் எந்தப் பூக்களுக்குப் போயின என்று தெரியும். ஒரே செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டைத் தாண்டினால் அதை அந்தப் பூவின் தேன் என்பது வழக்கம். அடையைப் பிழிந்து எடுத்த தேனில் அறைகளில் சேமித்த மகரந்தமும் கலந்துவிடுவதால் கணக்குப் பொய்க்கும்; வடித்த தேனைத்தான் சோதிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊர்ப் பூக்களின் தகடுகள் வேண்டும். ஏலகிரி, அமிர்தி, பாலமதி, பாலாற்றங்கரை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தகட்டுப்பெட்டியைக் கல்லூரிகள் உருவாக்கினால் அது பல்லாண்டு உதவும்.

சேகரிப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. பூவும் காயும் ஒரே கிளையில் கிடைப்பது மார்கழி, தை மாதங்களில்தான் அதிகம். நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள், நீலமும் ஊதாவும் காய்ந்ததும் மாறிவிடும். செடியை உலர்த்த அழுத்தி வைக்கும் தாளை முதல் நான்கு நாள் தினமும் மாற்ற வேண்டும். கார்த்திகை ஈரத்தில் இரண்டு வேளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிரண்டை போன்ற சதைப்பற்றுள்ளதைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுக்காவிட்டால் அழுத்தியிலும் உயிரோடு இருந்து கணுக்கணுவாகக் கழலும். காய்ந்த பூவைப் பிறகு பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சில நிமிடம் நீரில் கொதிக்கவிட்டால் இளகும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. ஏரிக்கரையும் சாலையோரமும் தரிசும் கற்றுக்கொள்ளப் போதும்.

இடத்தின் பெயரைச் செடிப்பெயரைப்போலவே கவனமாக எழுத வேண்டும். செடியை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய உலர்தாவரத் தாள்களில் வட ஆற்காடு என்று மட்டும் இருக்கும். 1911-க்கு முந்தைய தாளென்றால் அது இன்றைய ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதிப் பக்கமாகவும் இருக்கலாம். 1989-இல் மாவட்டம் இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. ஜவ்வாது மலையே இன்று ஒரு மாவட்டத்துக்குள் அடங்கவில்லை. கிராமம், கடல்மட்ட உயரம், செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவை இல்லாத தாளை வைத்து, அந்தச் செடி அங்கே இன்னும் இருக்கிறதா என்று யாரும் தேடிப் போக முடியாது. ஐயமிருந்தால் கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலும் உள்ள தாள்களோடு ஒப்பிடலாம்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மூலிகைப் பகுதியில் முழுச்செடியின் படத்தோடு பூவின் நெருக்கப்படம் ஒன்றும், காய் அல்லது விதையின் படம் ஒன்றும் சேர்த்து வெளியிடுங்கள். விதைக்கு அருகில் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். படமெடுத்த ஊரும் மாதமும் கீழே வரட்டும். தாவரவியல் பெயரைச் செல்போன் செயலி சொன்னபடி போடாமல், பூவையும் விதையையும் நேரில் பார்த்த ஒருவர் சரிபார்த்த பிறகு அச்சிடுங்கள். இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுப் படத்தைவிட, பக்கத்து ஏரிக்கரையில் எடுத்த சுமாரான படமே வாசகருக்கு உதவும். எடுக்கும்போது இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கப் பூவையும் காயையும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்.